செல்ஃப் எடுக்கலைன்னதும் பேட்டரி கடைக்கு ஓடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வாகனப் பக்கத்துல பைக் பேட்டரி மாத்துறதப் பத்தி ஒரு சின்னக் குறிப்பு வந்திருந்துச்சு. மொத்தமே மூணு யோசனைதான். செல்ஃப் எடுக்கலைன்னா பேட்டரி போயிடுச்சுன்னு அர்த்தம், உடனே மாத்துங்க. முடிஞ்சா கம்பெனி குடுத்ததவிட கொஞ்சம் அதிக ஆம்பியர் உள்ளதா போடுங்க. எதுக்கு வாரன்டி அதிகமோ அதையே வாங்குங்க. படிச்சதும் எனக்கு சிரிப்பு வந்துச்சு, கூடவே வயித்தெரிச்சலும் வந்துச்சு, ஏன்னா இந்த மூணையும் அட்சரம் பிசகாம செஞ்சு ஒன்றரை வருஷத்துல மூணு பேட்டரிய சாகடிச்ச ஆள் நான். அதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாத்தான் போகும், வெட்டிப் போடுறதா இருந்தா கதைய வெட்டுங்க, நம்பர் எல்லாத்தையும் அப்படியே வச்சுடுங்க.

நடந்தது இதுதான். வண்டியோட வந்த பேட்டரி மூணு வருஷத்துக்கு மேல ஓடுச்சு, அது போனதுல எனக்கு வருத்தம் இல்ல. கடைக்குப் போனேன், "என்ன வண்டி?"ன்னு கேட்டாங்க, சொன்னேன், ஒண்ண எடுத்து மாட்டி விட்டாங்க. அஞ்சே மாசம். காலைல பட்டனை அழுத்துனா டிக் டிக் டிக்னு ரிலே (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடுற சுவிட்ச்) சத்தம் மட்டும் வருது, இஞ்சின் சுத்தல. வாரன்டில வேற குடுத்தாங்க, அதுவும் அதே கதை. மூணாவது தடவை நானே புத்திசாலித்தனமா யோசிச்சு, பெருசா போட்டா தாங்கும்னு அடுத்த சைஸ் பேட்டரி வாங்கி, பழைய டிரேயில உக்காராம ரப்பர் பட்டைய இழுத்துக் கட்டி ஓட்டுனேன். அதோட ரெண்டு பக்கமும் உப்பி, வெளிய எடுக்கவே ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்ப வேண்டியதாப் போச்சு. இதுக்கு நடுவுல ரெண்டு தடவை ஹெட்லைட் பல்பு ஃபியூஸ் போச்சு, அத நான் தனிக் கணக்குல வச்சுக்கிட்டேன், ரோடு சரியில்ல, பல்பு மட்டமானதுன்னு எனக்கு நானே காரணம் சொல்லிக்கிட்டேன்.

கடைசில வயரிங் வேலை மட்டும் பாக்குற ஒரு பெரியவர்கிட்ட வண்டியத் தள்ளிட்டுப் போனேன். அவர் என் பேட்டரியத் திரும்பிக்கூடப் பாக்கல சார். வேறொரு நல்ல பேட்டரிய மாட்டி ஸ்டார்ட் பண்ணி, வோல்ட் பாக்குற மல்டிமீட்டரோட ரெண்டு முனையையும் பேட்டரியோட பிளஸ், மைனஸ் டெர்மினல்ல வச்சு, ஆக்சிலேட்டரக் கொஞ்சம் முறுக்கச் சொன்னார். 15.8 வோல்ட். "தம்பி, உன் வண்டி பேட்டரிய சார்ஜ் பண்ணல, வேக வச்சிக்கிட்டு இருக்கு"ன்னார். ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்னு சொல்ற அந்த அலுமினியப் பெட்டி கெட்டுப்போய், வர்ற கரண்ட்ட வெட்டாம அப்படியே உள்ள அனுப்பிக்கிட்டு இருந்திருக்கு. பல்பு போனதும் அதனாலதான். அந்தப் பெட்டிய மாத்தினதும் அதே மீட்டர்ல 14.2ல வந்து நின்னுச்சு.

இது ஏன்னு அப்புறமாத்தான் எனக்குப் புரிஞ்சுது. நம்ம வண்டில இருக்கிற லெட் ஆசிட் பேட்டரிக்குள்ள ஆறு அறை இருக்கு, ஒவ்வொண்ணும் சுமார் 2.1 வோல்ட், அதான் கூட்டுனா 12.6 வருது, பன்னெண்டு வோல்ட் பேட்டரின்னு பேச்சுக்கு சொல்றோம். ஒரு அறைக்கு 2.4 வோல்ட்டுக்கு மேல, அதாவது மொத்தமா 14.4க்கு மேல போகப் போக உள்ள இருக்கிற தண்ணி ஹைட்ரஜனாவும் ஆக்சிஜனாவும் பிரியறது அதிகமாயிட்டே போகும். பழைய மாடல் ஆசிட் பேட்டரியா இருந்தா மூடியத் திறந்து டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தி சமாளிக்கலாம். இப்ப எல்லாரும் வாங்குற மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரில அந்த வழியே கிடையாது. அதுல ஆசிட் எல்லாம் கண்ணாடி நாரால ஆன ஒரு பஞ்சுக்குள்ள ஊறிக் கிடக்கும், சாதாரணமா பிரியற வாயு உள்ளேயே திரும்பத் தண்ணியாயிடும், ஆனா அளவுக்கு மீறி சார்ஜ் ஏறுனா வால்வு திறந்து வாயு வெளிய போயிடும், போனது போனதுதான், திருப்பி ஊத்த முடியாது. பஞ்சு காஞ்சு, சூடாகி, பக்கவாட்டுல உப்பி, கதை முடிஞ்சுது. என் மூணு பேட்டரியும் இப்படித்தான் செத்துச்சு, அதுல எந்தக் கம்பெனி மேலயும் தப்பில்ல. நான்தான் ஊரெல்லாம் அந்தக் கம்பெனியத் திட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்.

அதனால உங்க குறிப்போட முதல் வரியையே மாத்தணும் சார். செல்ஃப் எடுக்கலைன்னா முதல்ல மீட்டர வச்சுப் பாருங்கன்னு எழுதுங்க. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும், நூறு வேலைக்கு ஆகும்.

ராத்திரி வண்டிய நிறுத்திட்டு காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, சாவி போடாம, டெர்மினல்ல வச்சுப் பாக்கணும். ஓட்டிட்டு வந்து நிறுத்தின கையோட பாத்தா மேலாப்புல இருக்கிற சார்ஜ் பொய்க்கணக்கு காட்டும். 12.6லேர்ந்து 12.8 வரைக்கும் இருந்தா ஃபுல். 12.4ன்னா முக்கால்வாசி, 12.2ன்னா பாதி, 12க்குப் போயிடுச்சுன்னா கால்வாசிதான் மிச்சம். நல்லா சார்ஜ் ஏத்தினதுக்கு அப்புறமும் 10.5 பக்கத்துலயே நிக்குதுன்னா ஆறுல ஒரு அறை செத்துடுச்சு, அத வச்சு மாரடிக்க வேண்டாம், மாத்திடலாம்.

ஆனா வெறும் இந்த ஒரு நம்பர நம்பி முடிவு பண்ணாதீங்க. சும்மா இருக்கும்போது 12.6 காட்டிட்டு பட்டனை அழுத்துன நொடில 7க்கு விழுற பேட்டரியும் உண்டு. உள்ள தகடெல்லாம் வயசாகிப் போயிருக்கும், வோல்ட் இருக்கும், தெம்பு இருக்காது. அதனால ரெண்டாவதா, மீட்டர டெர்மினல்லயே வச்சுக்கிட்டு செல்ஃப அழுத்திப் பாக்கணும். இஞ்சின் சுத்தும்போது 9.5, 10க்குக் கீழ போகக் கூடாது. போனா அது பேட்டரி. போகவே இல்ல, 12லயே நிக்குது, ஆனா இஞ்சினும் சுத்தலைன்னா குத்தம் பேட்டரில இல்ல, கரண்ட் வழியில எங்கயோ நிக்குது, ரிலேயோ, செல்ஃப் மோட்டாரோ, லூசான எர்த் ஒயரோ. டெர்மினல் போல்ட்ட ஒரு சுத்து இறுக்கினதும் சரியான வண்டிங்க எத்தனையோ இருக்கு, அந்த வண்டிக்காரங்க பாதிப் பேரு புது பேட்டரி வாங்கின பிறகுதான் அதக் கண்டுபிடிச்சிருப்பாங்க, ஏன்னா புது பேட்டரி மாட்டும்போது போல்ட் தானா இறுகிடுது பாருங்க.

மூணாவதுதான் என் தலையெழுத்த மாத்தினது. வண்டி ஓடும்போது, 4000, 5000 ஆர்.பி.எம் பக்கம் வச்சு, ஹெட்லைட்டும் போட்டுப் பாக்கணும். 13.5லேர்ந்து 14.5 வரைக்கும் இருந்தா சார்ஜிங் நல்லா இருக்கு. 15ஐத் தாண்டினா ரெகுலேட்டர். 13 கூட வரல, முறுக்கினாலும் ஏறலைன்னா இஞ்சின் சுத்தும்போது கரண்ட் தயாரிக்கிற மேக்னட் காயிலோ ரெகுலேட்டரோ நடுவுல ஒயரையெல்லாம் இணைக்கிற கப்ளரோ, எதுவோ ஒண்ணு. உருகிக் கருகிப் போன கப்ளர நான் கண்ணால பாத்திருக்கேன். இந்த மூணாவது சோதனையப் பண்ணாம புது பேட்டரி மாட்டுறது ஓட்டைப் பானைல தண்ணி ஊத்துற கதைதான்.

இன்னொண்ணு, திருட்டுத்தனமா ஒழுகுற கரண்ட். சாவிய எடுத்த பிறகும் அலாரம், டிராக்கர், ஏதாவது ஒரு எக்ஸ்ட்ரா சார்ஜர் பாயின்ட் குடிச்சிக்கிட்டே இருக்கும். மைனஸ் ஒயரக் கழட்டி, ஒயருக்கும் டெர்மினலுக்கும் நடுவுல மீட்டர ஆம்பியர்ல வச்சுப் பாத்தா தெரிஞ்சிடும் (அப்படி வச்சிருக்கும்போது மட்டும் தெரியாத்தனமா சாவியப் போட்டு செல்ஃப அழுத்திடாதீங்க, மீட்டர் ஃபியூஸ் போயிடும்). ஒரு மில்லி ஆம்பியர், ரெண்டு மில்லி ஆம்பியர்னா கவலை இல்ல. 40 மில்லி ஆம்பியர் ஓடுதுன்னு வைங்க, 4 ஆம்பியர் ஹவர் பேட்டரி (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடுனா அது ஒரு ஆம்பியர் ஹவர்) 100 மணி நேரத்துல காலி, அதாவது நாலு நாள் வண்டிய எடுக்கலைன்னா அஞ்சாம் நாள் தள்ளிக்கிட்டுத்தான் போகணும். புது பேட்டரி போட்டா அதுவும் அதே நாலு நாள்தான்.

சரி, எல்லாம் பாத்தாச்சு, பேட்டரிதான் போச்சு, வாங்கணும்னு முடிவாயிடுச்சு. இப்ப உங்க ரெண்டாவது வரிக்கு வர்றேன், அதிக ஆம்பியர் போடுங்கங்கிறது. இதுல ஒரு பாதி உண்மை இருக்கு, அதனாலதான் ஆளுங்க ஏமாறுறாங்க. பெரிய பேட்டரி போட்டா வண்டி வயரிங் எரிஞ்சிடும்னு சிலர் பயமுறுத்துவாங்க, அது தப்பு, செல்ஃப் மோட்டார் தனக்கு வேணும்ங்கிறத மட்டும்தான் இழுக்கும், பேட்டரி பெருசா இருக்குன்னு எக்ஸ்ட்ராவா இழுக்காது. அதே மாதிரி பெருசா போட்டா செல்ஃப் நல்லா எடுக்கும்ங்கிறதும் எப்பவும் சரியில்ல. ஒரு சின்னக் கணக்கு பாருங்க. செல்ஃப் மோட்டார் 60 ஆம்பியர் இழுக்குதுன்னு வச்சு மூணு செகண்ட் அழுத்தினா, 60 ஆம்பியர் பெருக்கல் மூணு செகண்ட், 180, அத 3600ஆல வகுத்தா 0.05 ஆம்பியர் ஹவர்தான் செலவு. 4 ஆம்பியர் ஹவர் பேட்டரில அது நூத்துல ஒரு பங்கு சொச்சம். ஆக தொட்டி சின்னதுங்கிறது பிரச்சினை இல்ல, அந்த மூணு செகண்ட்ல 60 ஆம்பியர ஒரே தம்முல தள்ளுற சக்தி இருக்காங்கிறதுதான் கேள்வி.

அதுக்குத்தான் சி.சி.ஏன்னு ஒரு நம்பர் இருக்கு, கோல்ட் கிராங்கிங் ஆம்பியர். மைனஸ் 18 டிகிரி குளிர்ல 30 செகண்ட் நேரம் 7.2 வோல்ட்டுக்குக் கீழ போகாம எத்தனை ஆம்பியர் தள்ளும்னு பாக்குற டெஸ்ட் அது. நம்ம வண்டி அந்தக் குளிர ஜென்மத்துல பாக்கலைன்னாலும் பரவாயில்ல, ரெண்டு பேட்டரிய பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட அந்த நம்பர் உதவும். ஒரே சைஸ், ஒரே ஆம்பியர் ஹவர், ஆனா ஒண்ணுல சி.சி.ஏ அதிகம்னா செல்ஃபுக்கு அதுதான் நல்லது. சில பேட்டரில அந்த நம்பரே போட்டிருக்க மாட்டாங்க, அப்ப வேற வழியில்ல, மத்ததப் பாத்து முடிவு பண்ண வேண்டியதுதான். கம்பெனி போட்டதவிடக் குறைஞ்ச ஆம்பியர மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீங்க.

அதிக லைட் போட்டிருக்கேன், அதனால பெரிய பேட்டரி வேணும்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். 40 வாட் எக்ஸ்ட்ரா லைட்டுன்னா 3 ஆம்பியருக்கு மேல இழுக்கும். வண்டி ஓடும்போது அது வர வேண்டியது காயில்லேர்ந்து, பேட்டரிலேர்ந்து இல்ல. காயில் தர்றது பத்தலைன்னா பெரிய பேட்டரி போட்டாலும் காலியாக இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்ப பேட்டரி மேல எழுதியிருக்கிற கோடு, அதாவது எந்த வகைன்னு சொல்ற எழுத்தும் நம்பரும். கடைல "என்ன வண்டி?"ன்னு கேட்டா வண்டி பேரச் சொல்லாதீங்க, பழைய பேட்டரியக் கழட்டிக் கையோட கொண்டு போங்க, இல்ல நாலு பக்கமும் போட்டோ எடுத்துட்டுப் போங்க. அதைவிட நல்லது வண்டியோட குடுத்த புக்ல என்ன கோடு போட்டிருக்குன்னு பாக்குறது, ஏன்னா உங்களுக்கு முன்னாடி வண்டி வச்சிருந்தவரு எதையாவது மாத்திப் போட்டிருக்கலாம், அந்தத் தப்ப நீங்க தொடர வேண்டாம்.

கோடுல இருக்கிற நம்பரத்தான் நிறைய பேரு ஆம்பியர்னு நினைச்சுக்கிறாங்க. பழைய வகைல அது சரி, 12என்5ன்னு இருந்தா 12 வோல்ட் 5 ஆம்பியர் ஹவர், 12என்9ன்னா 9. ஆனா இப்ப வர்ற மெயின்டனன்ஸ் ஃப்ரீல ஒய்.டி.எக்ஸ்னு ஆரம்பிக்கிற கோடு இருக்கே, அதுல அப்படி இல்ல. ஒய்.டி.எக்ஸ் 5எல் 4 ஆம்பியர் ஹவர்தான். 7எல் 6. 9ன்னு போட்டது 8. 14ன்னு போட்டது 12. அதனால "என் வண்டில 5 ஆம்பியர் இருந்துச்சு, நீ 4 குடுத்து ஏமாத்துற"ன்னு கடைக்காரர்கிட்ட சண்டை போட்டவங்களும் உண்டு, நிஜமாவே சின்னத வாங்கிட்டு ஏமாந்தவங்களும் உண்டு. கோட கோடோட ஒப்பிடுங்க, ஆம்பியர ஆம்பியரோட ஒப்பிடுங்க, ரெண்டையும் கலந்தா குழப்பம்தான்.

அந்த எல்ங்கிற எழுத்தையும் சாதாரணமா நினைக்காதீங்க. டெர்மினல் இருக்கிற பக்கத்த நம்மளப் பாக்குற மாதிரி வச்சா பிளஸ் வலது பக்கமா இடது பக்கமாங்கிறத அதுதான் சொல்லுது, எல் இருந்தா பிளஸ் வலது. ஒய்.டி.எக்ஸ் 20ம் 20எல்லும் நீளம் அகலம் உயரம் எல்லாம் ஒண்ணுதான், பக்கம் மட்டும் மாறியிருக்கும். டிரேல கச்சிதமா உக்காரும், ஆனா பிளஸ் ஒயர் எட்டாது, எட்டலையேன்னு பேட்டரியத் திருப்பி வைக்கிறது, ஒயர இழுத்து வளைக்கிறதுன்னு ஆரம்பிச்சு, அவசரத்துல ஒயர மாத்தி மாட்டினா மெயின் ஃபியூஸ் போகும், அதிர்ஷ்டம் இல்லைன்னா ரெகுலேட்டர்ல இருக்கிற டயோடும் சேந்து போகும். ஒரே ஒரு எழுத்துக்கு இவ்வளவு.

உயரமும் பாருங்க. ஒய்.டி.எக்ஸ் 7ஏ, 9, 12, 14, இந்த நாலும் மேலேர்ந்து பாத்தா ஒரே அளவு, 150 மில்லிமீட்டர் நீளம், 87 அகலம். உயரம்தான் 94, 105, 130, 145ன்னு ஏறிக்கிட்டே போகுது. அடிப்பக்கம் சரியா உக்காந்துடுச்சேன்னு அடுத்த நம்பர வாங்கி வச்சுட்டு சீட்ட மூடினா, சீட்டுக்கு அடில இருக்கிற இரும்புத் தகடு ரெண்டு டெர்மினல் மேலயும் உரச வாய்ப்பு இருக்கு. ஆள் உக்காந்தா சீட்டு கீழ அமுங்கும், அத யாரும் யோசிக்கிறதில்ல. சின்னதா வாங்கினாலும் தொல்லைதான், டிரேல ஆடிக்கிட்டே இருந்தா உள்ள இருக்கிற தகட்டுலேர்ந்து பொடி உதிரும், பைக் பேட்டரிக்கு அதிர்வு பெரிய எதிரி. சின்னதா இருந்தா ரப்பர் அட்டை வச்சு இறுக்கிடணும், ஆனா பெருச மட்டும் என்னை மாதிரி பட்டையக் கட்டி சமாளிக்காதீங்க.

எந்த வகை வாங்கலாம்னா, வண்டில என்ன வந்துச்சோ அதுவேதான் என் கட்சி. பழைய வண்டி, மூடி திறக்கிற ஆசிட் பேட்டரி வந்த வண்டின்னா, அந்த டியூப் வழியா வாயு வெளிய போற ஏற்பாடோட அதையே வாங்கலாம், ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருக்கா தண்ணி லெவல் பாக்குற பொறுமை இருக்கணும், குறைஞ்சா டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான், குழாய்த் தண்ணியும் கூடாது ஆசிட்டும் கூடாது. அதுக்குப் பதிலா மெயின்டனன்ஸ் ஃப்ரீ போடலாமான்னா போடலாம், சார்ஜிங் 14.5க்குள்ள நிக்குதான்னு பாத்துட்டு. பழைய ரெகுலேட்டர் கொஞ்சம் தாராளமா விட்டாலும் ஆசிட் பேட்டரி தண்ணியக் குடிச்சுட்டுத் தாங்கிக்கும், மூடின பேட்டரி தாங்காது.

லித்தியம் பேட்டரி இப்ப பேஷனா இருக்கு. பைக்குக்கு வர்றது பெரும்பாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், நாலு அறை, ஒவ்வொண்ணும் 3.2 வோல்ட். கைல தூக்கினா காலி டப்பா மாதிரி இருக்கும், எடை மூணுல ஒரு பங்குதான், மாசக்கணக்கா சும்மா கிடந்தாலும் சார்ஜ் பெருசா இறங்காது. ஆனா ரெண்டு மூணு விஷயம் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. சில பேட்டரில போட்டிருக்கிற ஆம்பியர் ஹவர் நிஜ அளவு இல்ல, "இது இத்தனை ஆம்பியர் லெட் பேட்டரிக்குச் சமம்"ங்கிற கணக்கு, செல்ஃப் எடுக்குறதுக்கு அது சரி, ஆனா சாவியப் போட்டுட்டு லைட்ட மறந்தா சீக்கிரமே காலியாயிடும். மீட்டர் கணக்கும் மாறும், லெட் பேட்டரில 12.8ன்னா ஃபுல்லு, லித்தியத்துல 12.8ன்னா கிட்டத்தட்ட அடிமட்டம், அதுல ஃபுல்லுன்னா 13.3 பக்கம் இருக்கணும். 14.6க்கு மேல சார்ஜ் போகக் கூடாது, உறையற குளிர்ல சார்ஜ் பண்ணக் கூடாது, லெட் பேட்டரிக்குன்னு இருக்கிற பழைய சார்ஜர மாட்டக் கூடாது. என் வண்டி 15.8 விட்டுக்கிட்டு இருந்த நேரத்துல நான் லித்தியம் வாங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சாலே பகீர்ங்குது.

லெட் ஆசிட் ஒண்ணும் புதுசு இல்ல, 1859ல கேஸ்டன் பிளான்டேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் கண்டுபிடிச்சது, ஈயத் தகடும் சல்ஃப்யூரிக் ஆசிட்டும், இன்னைக்கு வரைக்கும் அதே ரசாயனம்தான். அதோட நோயும் அப்பலேர்ந்து ஒண்ணுதான், சார்ஜ் இறங்கின நிலையில அப்படியே விட்டுட்டா தகட்டுல ஈய சல்ஃபேட் படிஞ்சு இறுகிப் போயிடும், அப்புறம் எவ்வளவு ஏத்தினாலும் பழைய தெம்பு திரும்பாது. இத ஏன் சொல்றேன்னா, இது உங்க வண்டில மட்டும் நடக்கிறதில்ல, கடையில ஷெல்ஃப்ல உக்காந்திருக்கும்போதே நடக்கும். வாங்கும்போது வாரன்டி கார்ட எட்டிப் பாக்குற நாம தயாரிச்ச மாசம் வருஷத்தப் பாக்குறதே இல்ல. ஆசிட் ஊத்தி சீல் பண்ணி வர்ற பேட்டரி தானாவே மாசத்துக்கு நூத்துக்கு மூணு நாலு பங்கு சார்ஜ் இறங்கும், வெக்கையான குடோன்னா இன்னும் வேகமா. ஒரு வருஷம் யாரும் சார்ஜ் ஏத்தாம கிடந்த பேட்டரிய, டப்பா பளபளன்னு இருக்குன்னு புதுசுன்னு வாங்கிட்டு வந்துடறோம். தேதி சுருக்கெழுத்துல அச்சடிச்சிருந்தா கடைக்காரரையே படிச்சுக் காட்டச் சொல்லுங்க. மீட்டரும் வைக்கச் சொல்லுங்க. 12.5க்குக் கீழ இருந்தா சார்ஜ் ஏத்திக் கேளுங்க, 12க்குக் கீழ இருந்தா வேற எடுக்கச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க.

ஆசிட் தனி பாட்டில்ல வர்ற வகையும் இருக்கு, கோடுல கடைசில பி.எஸ்னு இருக்கும். அது சீல் பிரிக்காம இருக்கிற வரைக்கும் கெடாம இருக்கும், ஆசிட் ஊத்தின அன்னைக்குத்தான் அதுக்குப் பிறந்த நாள். அதனால நம்ம கண் முன்னாடி ஊத்தினா நல்லதுதான், ஆனா ஊத்தின கையோட வண்டில மாட்டி செல்ஃப அழுத்திக் காட்டுறாங்க பாருங்க, அது தப்பு. ஆசிட் பஞ்சுல ஊற அரை மணி நேரமாவது விடணும், அப்புறம் சார்ஜர்ல போட்டு மெதுவா சில மணி நேரம் ஏத்தணும், அதுக்கப்புறம்தான் மூடிப் பட்டைய அழுத்தி மூடணும், பிறகு அதத் திறக்கவே கூடாது. இந்த முதல் சார்ஜ் போடலைன்னா பேட்டரி 80 சதவீதத்துலயே வாழ்க்கைய ஆரம்பிக்குது, பல பேட்டரி கடைசி வரைக்கும் அந்த மிச்சத்தப் பாக்காமலே போயிடும். "ஈவ்னிங் வந்து வாங்கிக்கிறேன், சார்ஜ் ஏத்தி வைங்க"ன்னு சொல்ற கஸ்டமரப் பாத்து கடைக்காரர் முறைச்சாலும் முறைக்கட்டும். வீட்டுல ஏத்துறதா இருந்தா ஆம்பியர் ஹவர்ல பத்துல ஒரு பங்குதான் கணக்கு, 4 ஆம்பியர் ஹவர்னா 0.4 ஆம்பியர், கார் பேட்டரிக்கு வச்சிருக்கிற பெரிய சார்ஜர மாட்டினா கொதிச்சிடும்.

வாரன்டி பத்தி, அதான் உங்க மூணாவது வரி, ரொம்ப சொல்றதுக்கு இல்ல. பெரும்பாலும் அது தயாரிப்புல இருக்கிற குறைக்கு மட்டும்தான். வண்டில சார்ஜிங் கோளாறுன்னு தெரிஞ்சா குடுக்க மாட்டாங்க, மாத்திக் குடுத்த பேட்டரிக்கும் பழைய தேதிலேர்ந்து மிச்சம் இருக்கிற மாசம்தான் ஓடும். எனக்கு ரெண்டாவது பேட்டரி சும்மா கிடைச்சதுல நான் சந்தோஷப்பட்டேன் பாருங்க, அந்த சந்தோஷத்துலதான் மீட்டர் வச்சுப் பாக்கணும்னு தோணாமப் போச்சு.

வீட்டுல தானே மாட்டுறவங்களுக்கு: கழட்டும்போது முதல்ல மைனஸ், மாட்டும்போது முதல்ல பிளஸ். வண்டியோட பாடி முழுக்க மைனஸ்தான், மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ல வச்ச ஸ்பேனர் ஃபிரேம்ல பட்டா தீப்பொறி பறக்கும், பக்கத்துல பெட்ரோல் டேங்க். போல்ட்டுக்கு அடில விழுற அந்தச் சின்ன சதுர நட்டு வேற தொலைஞ்சு தொலைஞ்சு உயிர வாங்கும், அடில ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வச்சா மேலேயே நிக்கும், இது நான் கண்டுபிடிச்சது இல்ல, அந்தப் பெரியவர் சொன்னது. இறுக்கினதுக்கு அப்புறம் லேசா வாசலின் தடவினா பச்சை பூக்காது.

பழைய பேட்டரிய வாங்கின கடையிலேயே குடுத்துடுங்க. உடைச்சு ஈயம் எடுக்குறேன்னு வர்றவங்ககிட்ட போட்டா ஆசிட் மண்ணுல போகும், ஈயத் தூசி பக்கத்துல விளையாடுற குழந்தைங்க உடம்புல போகும், அது மூளைய பாதிக்கிற விஷம்.

என் வேண்டுகோள் ஒண்ணுதான் ஆசிரியர் சார். அந்தக் குறிப்புல "உடனே மாத்துங்க"ன்னு இருக்கிற எடத்துல மேல சொன்ன மூணு மீட்டர் சோதனையப் போட்டு, அடுத்த வாரம் அதே பக்கத்துல அதே சைஸ்ல ஒரு திருத்தம் வெளியிடுங்க. கட்டம் கட்டிப் போட்டா வெட்டி டூல் பாக்ஸ்ல ஒட்டிக்க வசதியா இருக்கும்.

இப்படிக்கு,
மூணு பேட்டரிய வேக வச்ச ஒரு வாசகன்

பின்குறிப்பு: எழுத விட்டுட்டேன். வண்டி ஓடும்போது பேட்டரி ஒயரக் கழட்டிப் பாத்து, இஞ்சின் நிக்கலைன்னா சார்ஜிங் நல்லா இருக்குன்னு சொல்ற ஒரு பழைய வைத்தியம் இன்னும் சில பேருகிட்ட இருக்கு. பேட்டரி இல்லைன்னா வோல்ட் தாறுமாறா எகிறும், ஃப்யூல் இன்ஜெக்ஷன் வண்டில இஞ்சினக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டரான ஈ.சி.யூவே போயிடலாம். மெக்கானிக் அந்த ஒயர் மேல கை வச்சா சாவிய ஆஃப் பண்ணிடுங்க.